இரண்டு கைகள் நறுக்கிய திராட்சை

எங்கள் எமு பிளாட் ஊரின் விவசாயக் கண்காட்சிக்கு, ஷோ என்போம், வருகிற மே மாதத்தோடு நூறு வயது. நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். கேக் நடுவர் வெர்னா ஹாக்கெட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடு என்று என்னைக் கேட்டார்கள். அரைப் பக்கத்தில் வெர்னாவின் வாயையே அடக்க முடியாது, ஆளை எங்கே அடக்குவது. கேட்டவர்கள் எல்லாரும் நேற்று ஊருக்கு வந்தவர்கள். அந்தச் சனிக்கிழமையை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன், மைதானத்திலேயே உயரமான இடத்திலிருந்து பார்த்தேன். அதனால் எத்தனை பக்கம் ஆனாலும் எழுதத்தான் போகிறேன்.

நான் க்ளெம். ஆழ்துளைக் கிணறு, காற்றாலை, பம்பு ரிப்பேர் என் தொழில். ஷோ நடக்கும் இரண்டு நாளும் மரக் கோபுரத்தில் ஏறி மைக்கில் கத்துவது என் பொறுப்பு. வெர்னா என் மனைவியின் அக்கா. பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்களுக்குச் சமைக்கப் போனவள். முப்பது பேர் பசியோடு வந்து நிற்கும்போது கரண்டியை ஓங்கி வரிசையில் நிற்க வைத்த கை அது. பிறகு பள்ளி உணவு விடுதியில் இருபது வருஷம். அதோடு ஷோவில் கேக் நடுவர்.

பழக் கேக் விஷயத்தில் வெர்னாவுக்கு அக்கா, தங்கை, சொந்தம், பந்தம் எதுவும் கிடையாது. கேக்கை ஆற வைத்த கம்பித் தட்டின் தடம் அடியில் விழுந்திருந்தால் அந்தக் கேக்கை வெட்டக்கூட மாட்டாள். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் என் மனைவி கொண்டுபோன கேக்கை அப்படித்தான் ஒதுக்கினாள். ஒன்பது மாதம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டித்தான் கேக்கை நடுவர் முன் வைப்பார்கள். ஆனால் வெர்னாவுக்கு எண் ஒரு பொருட்டே இல்லை. பெரிய உலர்திராட்சையைச் சின்னத் திராட்சையின் அளவுக்கு நறுக்கிப் போட வேண்டும் என்பது விதி. கேக்கைக் குறுக்கே வெட்டினால் அந்த நறுக்கு வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவாள். இது அவசரக்காரி, இது கத்தி தீட்டாதவள், இது புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டே நறுக்கினவள். பதினொரு வருஷம் தொடர்ந்து ஒரே கைதான் முதல் பரிசு வாங்கியது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. ரம்மில் ஊற வைக்காமல் பால் விடாத கடுந்தேநீரில் ஊற வைத்த திராட்சை. நீல ரிப்பனைக் குத்திவிட்டு அட்டையைத் திருப்பினால், பதினொரு வருஷமும் அதே பெயர்தான் இருக்கும்: சகோதரர் ஓபேத், சோவார்.

ஓபேத்துக்கு அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். சோவாருக்குப் பத்தொன்பது வருஷமாகப் பம்பு பார்க்கிறவன் நான்.

சோவார் எங்கள் ஊருக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டர். உலகத்தோடு ஒட்டாமல் தனித்து வாழும் ஒரு சபை. அறுபது குடும்பம், ஒரு கேட், ஒரு வெள்ளை பஸ். பஸ்ஸின் பின் கண்ணாடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அங்கே பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது. பைபிளில் லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத் தூண் ஆனாள் அல்லவா, அதை வைத்துக் கட்டிய சட்டம். பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும், குழந்தை விழுந்து அழுதாலும், பெண் கழுத்தைத் திருப்பக் கூடாது. தலையில் வெள்ளைத் தொப்பி, அதன் இரண்டு பக்கமும் குதிரைக்கு மாட்டுகிற கண்பட்டை மாதிரி விறைப்பான துணி. அப்படியும் ஒருத்தி திரும்பிவிட்டால் வாயில் ஒரு கரண்டி உப்பு. மாலை ஜெபம் முடியும்வரை துப்பக் கூடாது. ஏழு வயதுப் பெண் ஒன்று கண்ணில் நீர் வழிய அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? வால்வுக்கு வாஷர் மாற்றினேன்.

கல்யாணமானால் பெண்ணுக்குப் பெயரும் போய்விடும். இன்னாருடைய வீடு, அவ்வளவுதான். 'மொர்தெகாய் போன வருஷம் தன் வீட்டைப் புதைத்தார்' என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது, வெள்ளத்தில் வீடு போய்விட்டதாக்கும் என்று நினைத்து ஆறுதல் சொன்னேன். மனைவி செத்துப்போனாள் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

எங்கள் ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். அவங்க வழி அவங்களுக்கு, நமக்கு எதுக்கு வம்பு என்றது. கேக்கை மட்டும் ருசி பார்த்தது. எனக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை வந்த வருஷம், மார்ச் மாதம் ஒரு நாள், சோவார் துணி துவைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் வாளியோடு வரிசையாகப் போனார்கள். கடைசியில் வந்த ஒருத்தி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் நின்றாள்.

"பம்பு ஐயா, நிமிராதீங்க. உங்க வேலையப் பாருங்க" என்றாள். அந்த ஊரில் ஒரு பெண் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஸ்பானர் கையிலிருந்து நழுவி என் கால்விரலில் விழுந்தது.

"சொல்லுங்கம்மா."

"ஷோவுல கேக் வெட்டுற அம்மா இன்னும் இருக்காங்களா? திராட்சையப் பார்ப்பாங்களா?"

"திராட்சைய மட்டும்தான் பார்ப்பா. அவ புருஷன் மூஞ்சியக்கூட அப்படிப் பார்த்ததில்ல."

முதுகு லேசாகக் குலுங்கியது. சிரித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இந்த வருஷம் ரெண்டு பேர் நறுக்குறோம்னு அவங்ககிட்ட சொல்லுங்க. எம்மக தீர்சாவுக்குக் கத்துக் குடுக்கறேன். எங்க ஊர்ல பொண்ணு தன் கல்யாணக் கேக்கத் தானே செய்யணும். ஷோ முடிஞ்ச அடுத்த வெள்ளிக்கிழம அவளக் குடுத்துடறாங்க. பதினாறு வயசு."

"யாருக்கு?"

"மொர்தெகாய்க்கு. அவருக்கு அம்பத்தி மூணு."

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. "அவ ஒருத்தி வெளிய போயிடணும் ஐயா. ஒருத்தி போதும்."

"உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விட்டாள். அவள் நுழைந்த வீட்டை வைத்துத்தான் ஓபேத்தின் மனைவி என்று தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு வெர்னா வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். வெர்னா வாயைத் திறக்காமல் ஒரு விஷயத்தை முழுதும் கேட்டது என் நினைவில் அந்த ஒரு முறைதான்.

"பதினோரு வருஷம்" என்றாள் கடைசியில். "அந்தாள் பேர்ல ரிப்பன இந்தக் கையாலதான்டா குத்தினேன். பொம்பளக் கைன்னு தெரியும். தெரிஞ்சும் குத்தினேன்."

ஊர்ப் போலீஸ் சார்ஜன்டைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், ஆனால் கையைப் பிசைந்தார். "ரெண்டு தடவ அந்தக் கேட்டுக்குள்ள போயிருக்கேன், வெர்னா. அப்பன் பக்கத்துல நிக்கறான். 'நான் நல்லா இருக்கேன்'னு பொண்ணு சொல்லுது. நான் என்ன பண்ணட்டும்? அப்பன் இல்லாத இடத்துல, அவ வாயால ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லட்டும். அதுக்கப்புறம் அவள எவனும் தொட முடியாது. அது என் பாடு."

அப்பன் இல்லாத இடம். சோவார் பெண்கள் ஷோவுக்கு வருவதே இல்லை. கேக் மட்டும்தான் வரும், துணி போர்த்தி, ஓபேத்தின் மடியில்.

வெர்னா ஷோ விதிப் புத்தகத்தை எடுத்தாள். யாரும் படிக்காத புத்தகம் அது. விரலை ஓட்டி ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினாள். போட்டிக்கு வைக்கிறவரே அதைச் செய்திருக்க வேண்டும். சந்தேகம் என்று இன்னொரு போட்டியாளர் எழுதிக் கொடுத்தால், செய்தவர் நடுவர் முன்னால் மறுபடி செய்து காட்ட வேண்டும்.

"மைதானச் சமையலறையில செஞ்சு காட்டணும். ஊற ரெண்டு மணி நேரம், அடுப்புல நாலு மணி நேரம். ஆறு மணி நேரம்டா க்ளெம். சோவார் ஆம்பளைங்க சமையலறைக்குள்ள வர மாட்டாங்கதானே?"

வர மாட்டார்கள். அதுவும் அவர்கள் சட்டம். அடுப்பு எரியும் சமையலறைக்குள் கால் வைத்த ஆண், ஏழு நாள் பிரசங்கம் செய்யக் கூடாது, ஜெபத்தில் நிற்கக் கூடாது. அவர்கள் சமையலறைக் குழாயை நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத்தான் எப்போதும் சரிசெய்வேன்.

"எழுதிக் குடுக்க இன்னொரு போட்டியாளர் வேணுமே. யாரக் கேக்கறது?" என்றேன்.

"ஒருத்தர்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள சோவார் மாட்டுக்கும் தெரிஞ்சுடும்" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் கேக் செய்யணும்."

ஐம்பத்தொன்பது வயதில் பழக் கேக் செய்தேன். முதல் கேக் உள்ளே வேகவில்லை. இரண்டாவதை நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது ஒருவழியாகச் சதுரமாக வந்தது. கம்பித் தடம் அடியில் அட்டகாசமாக விழுந்திருந்தது. கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஏற்ற கேக். எண் இருபத்திரண்டு ஒட்டி, வெள்ளிக்கிழமை காலை கேக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். என்னைப் பார்த்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

வெர்னா என் கேக்கைப் புரட்டிப் பார்த்து, ஊர் பார்க்க மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி வைத்தாள். அவ்வளவு நாடகம் தேவையில்லை. பிறகு பதினான்காம் எண்ணை வெட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. பாதித் திராட்சை அச்சில் வார்த்தது போல. மீதி கோணலும் மாணலும், பெரிதும் சிறிதும். வெர்னாவின் கத்தி ஒரு கணம் நின்றது. அப்புறம் நீல ரிப்பனை எடுத்துக் குத்தினாள்.

ஓபேத் ஆறு ஆண்களோடு முன்வரிசையில் நின்றிருந்தார். உயரமான ஆள், கணீர்க் குரல். பன்னிரண்டாவது வெற்றி கர்த்தர் தரும் அடையாளம், பன்னிரண்டு கோத்திரத்துக்குப் பன்னிரண்டு கோப்பை என்று அந்த வருஷம் முழுக்கப் பிரசங்கம் செய்திருந்தார். கோப்பைக்குக் கையை நீட்டியபோது நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஆட்சேபம்" என்று ஷோ கமிட்டித் தலைவரிடம் காகிதத்தை நீட்டினேன். "இந்தக் கேக்க அவர் செய்யல."

தலைவர் என் கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "க்ளெம், உனக்கு இது பொறாம மாதிரி தெரியலயா?"

"பொறாமதான். எழுதியிருக்கேன், படிங்க."

ஓபேத் என்னைக் கருணையோடு பார்த்தார். "என் மனைவி என் மாம்சம். அவள் கை என் கை. அந்தக் கை செய்ததை நான் செய்தேன் என்று சொல்வதில் பொய் என்ன இருக்கிறது?"

"ரொம்பச் சரி" என்றாள் வெர்னா, தேன் ஒழுக. "அப்போ அந்தக் கைய நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கொண்டு வாங்க. செஞ்சு காட்டட்டும். ஆனா இதுல ரெண்டு பேர் நறுக்கியிருக்காங்க. பாருங்க, இது ஒரு கை, இது ஒரு கை. ரெண்டு பேரும் வரணும். வேற யாரும் உள்ள வரக் கூடாது. இல்லன்னா கோப்பை இந்த வருஷம் அலமாரிலயே இருக்கட்டும். பதினொண்ணும் நல்ல நம்பர்தான்."

ஓபேத் கோப்பையைப் பார்த்தார். பின்னால் ஆறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பதினொன்றோடு எப்படித் திரும்பிப் போவார்? "அழைத்து வருகிறேன்" என்றார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வெள்ளை பஸ் வந்தது. கோபுரத்திலிருந்து மைதானச் சமையலறையின் முன்வாசலும் தெரியும், பின்வாசலும் தெரியும். இரண்டு வெள்ளைத் தொப்பிகள் இறங்கி, தலையைத் திருப்பாமல் நேராக உள்ளே போயின. ஓபேத்தும் ஆறு பேரும் முன்வாசலுக்கு எதிரே பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தார்கள். மணமகன் மொர்தெகாயும் அவர்களில் ஒருவர். பின்வாசலிலிருந்து கோழிக் கொட்டகைக்கு நாற்பது அடி வெட்டவெளி. கோழிக் கொட்டகைக்குப் பின்னால் சார்ஜன்டின் வண்டி வந்து நிற்க வேண்டும். ஆனால் மைதானக் கேட்டில் கூட்டம் ஒழுங்காகும்வரை அவரால் வர முடியாது. பத்தரை மணி என்று பேச்சு.

உள்ளே நடந்ததை வெர்னா பிறகு சொன்னாள். இரண்டு பேரும் உட்கார்ந்து திராட்சை நறுக்கினார்கள். மகள் கத்தியை அழுத்தி அழுத்தி நறுக்கினாள். தாய் அந்தக் கைமேல் தன் கையை வைத்து, "கத்திய அழுத்தாதே, நழுவ விடு" என்று மட்டும் சொன்னாள். ஒன்பது மணிக்குக் கேக் அடுப்புக்குள் போனது. அப்புறம்தான் வெர்னா பின்கதவைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். "அவளுக்கு மட்டுமில்ல, உனக்கும்தான் வண்டில இடம் இருக்கு" என்றாள். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் போனா பேச்சுச் சத்தம் நின்னுடும். அவருக்குக் காது கூர்மை. நான் இருக்கணும். கேக்கும் இருக்கு."

மேலே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குதிரை தாண்டுதல், மரம் வெட்டும் போட்டி, ஆட்டுநாய்ப் போட்டி என்று வாய் ஓய்வில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். கண் மட்டும் அந்தப் பெஞ்சில்தான். ஒரு தடவை நாயின் பெயரைச் சொந்தக்காரருக்கும், சொந்தக்காரரின் பெயரை நாய்க்கும் சொல்லிவிட்டேன். பத்தேகாலுக்குக் கேக் வாசனை மைதானம் முழுக்கப் பரவியது. ஓபேத் மூச்சை இழுத்துவிட்டுப் புன்னகைத்தார். பத்தரைக்குக் கோழிக் கொட்டகைக்குப் பின்னால் சார்ஜன்டின் வண்டி மெல்ல வந்து நின்றது.

பின்கதவு திறந்தது. வெர்னா எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். தீர்சா படியில் இறங்கினாள். அதே நேரம் மொர்தெகாய் பெஞ்சிலிருந்து எழுந்து, கழிப்பறையைத் தேடிக் கட்டடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். கழிப்பறை பின்பக்கம் இருக்கிறது. பத்தடி நடந்து மூலை திரும்பினால் போதும், நேருக்கு நேர்தான்.

என் மூளை வேலை செய்தது என்று பெருமை பேச மாட்டேன். வாய்தான் வேலை செய்தது. "பெரிய அணிவகுப்பு" என்று கத்தினேன். "எல்லா மாடும், எல்லாக் குதிரையும் உடனே வளையத்துக்குள்ள. சமையலறைச் சந்து வழியா வாங்க. உடனே. உடனே."

அணிவகுப்பு பன்னிரண்டு மணிக்கு. பாதி மாடுகள் குளித்துக்கொண்டிருந்தன. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மைக் சொன்னால் வேதவாக்கு. சோப்பு நுரையோடு காளைகள், சேணம் போடாத குதிரைகள், கயிறு இழுத்த இழுப்புக்குக் கன்றுகள், எல்லாம் இரண்டு நிமிஷத்தில் அந்தச் சந்துக்குள் அடித்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தன. மொர்தெகாய் ஒரு ஹியர்ஃபோர்ட் காளைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். தொப்பி பறந்தது. தலைவர் கோபுரத்துக்கு அடியில் வந்து, "உனக்குப் பைத்தியமா, க்ளெம்?" என்று கத்தினார். பைத்தியம்தான் என்று மைக்கிலேயே ஒப்புக்கொண்டேன்.

வால்களுக்கும் கொம்புகளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தொப்பி ஓடுவதைப் பார்த்தேன். பாதி வழியில் தொப்பி கழன்று விழுந்தது. செம்பட்டைத் தலைமுடி. அவள் நின்று அதை எடுக்கவில்லை. கோழிக் கொட்டகைக்குப் பின்னால் மறைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து சார்ஜன்ட் வெளியே வந்து, கோபுரத்தைப் பார்த்துத் தன் தொப்பியைக் கழற்றி மாட்டினார். பெண் வாயால் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். நான் மைக்கை அணைத்துவிட்டு அழுதேன். அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மைதானம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

இன்னும் இரண்டரை மணி நேரம். உள்ளே தாய் மகளிடம் பேசுவது போலவே பேசிக்கொண்டிருந்தாளாம். "அந்தத் தட்ட எடும்மா. அடுப்பத் திறக்காதே. பொறு." வெர்னா சின்னக் குரலில் "சரிம்மா" என்றாளாம். எழுபது வயதை நெருங்கிய, ஊரையே அதட்டுகிற வெர்னா.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. ஓபேத்தின் மனைவி கேக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். அவளுக்குப் பின்னால் வெர்னா. கேக் கொட்டகைக்குள் கூட்டம் நிரம்பி வழிந்தது. நான் கோபுரத்தை விட்டு ஓடி வந்து, நீளக் கம்பி போட்ட இன்னொரு மைக்கைப் பிடித்தேன். வெர்னா சூட்டோடு ஓரத்தை வெட்டினாள். ஆவி வந்தது. தேநீர் வாசனை. பாதித் திராட்சை அச்சில் வார்த்தது போல, பாதி கோணல்.

"இதே கைதான்" என்றாள் வெர்னா. "பதினாலாம் நம்பர் ஜெயிச்சது சரி. ஆனா அட்டைல செஞ்சவங்க பேர்தான் இருக்கணும். அதான் விதி." பேனாவைத் திறந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "உன் பேரு என்னம்மா?"

"ஓபேத்தின் வீடு" என்றார் ஓபேத்.

"உங்கள நான் கேக்கல."

அவள் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் யாரும் அவளைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. எங்கே வைத்தோம் என்று தேடுகிறவள் போல நின்றாள். பிறகு சொன்னாள்.

"எப்சிபா."

வெர்னா எழுதினாள். நான் மைக்கில் வாசித்தேன். "பழக் கேக், முதல் பரிசு, எப்சிபா." வளையத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் ரோட்டோரத்து வண்டிகள்வரையிலும் அந்தப் பெயர் போனது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பதினொரு வருஷம் வாயை மூடிக்கொண்டு அவள் கேக்கைத் தின்ற ஊர் அது.

கைதட்டல் ஓய்ந்ததும் ஓபேத் கேட்டார். "பெண் எங்கே?"

"போயிட்டா" என்றாள் எப்சிபா. "சார்ஜன்ட்கிட்ட சொல்லிட்டா. அவ இனிமே வர மாட்டா."

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் சத்தம் போடவில்லை. கூட்டம் பார்க்கிறதே. "பஸ்ஸுக்கு நட" என்றார்.

எப்சிபா ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள். வெர்னா நீல ரிப்பனை அவள் சட்டையில் குத்தினாள். வெள்ளை பஸ் இடது பக்கம். அவள் வலது பக்கம் நடந்தாள், சார்ஜன்டின் வண்டி இன்னும் நின்றிருந்த கோழிக் கொட்டகையைப் பார்த்து. கூட்டம் வழி விட்டது.

"ஓபேத்தின் வீடே" என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் நடந்தாள். "நில்" என்றார். அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஓடிப்போய் அவள் முன்னால் நின்றிருக்கலாம். ஆனால் நடுவில் மரம் வெட்டும் போட்டிக்காரர்கள் எட்டுப் பேர், கையில் தேநீர்க் கோப்பையோடு, சும்மாதான் நின்றிருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

அப்போதுதான் அவருக்கு நிதானம் போய்விட்டது. மைதானமே அதிர, தன் ஆட்கள் ஆறு பேரும் கேட்க, கத்தினார்: "திரும்பு. என்னைத் திரும்பிப் பார்."

அந்த ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள். ஏழு வயதுக் குழந்தை வாயில் உப்புப் போட்ட ஆட்கள் அவர்கள். 'திரும்பிப் பார்' என்று அந்த வாய் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

எப்சிபா சமையலறைக்குப் பின்னால் இருந்த அந்த நாற்பது அடி வெட்டவெளியையும் நடந்து முடித்தாள். புழுதியில் கிடந்த மகளின் தொப்பியைத் தாண்டிப் போனாள். கழுத்து ஓர் இம்மி அசையவில்லை. அவர்கள் சொல்லிக் கொடுத்தது அப்படி.